பதாகை விரியாத திவசம்

சந்திரவதனா கைகளில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பூசாவிட்டால் கயர் பிடித்து விரல்கள் இரண்டு நாளைக்குக் கறுத்துக் கிடக்கும். சீவிய துண்டுகளை மஞ்சள் கலந்த தண்ணீருக்குள் போட்டாள். காலை ஆறரை மணி. சிட்னிப் புறநகரான டூங்கபியில் ஆகஸ்ட் மாதம் நன்றாகக் குளிரும். குசினிச் சன்னலில் ஆவி படிந்திருந்தது. எட்டு மணிக்கு ஐயர் வருவார். அன்றைக்கு அவளுடைய கணவர் ஆனந்தராஜாவின் முதலாம் ஆண்டுத் திவசம்.

நான் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். நாகேஸ்வரி கதிரையில் இருந்து கோப்பி குடித்தாள். அவள் ஆனந்தராஜாவின் தங்கை. மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் இருப்பவள். முதல்நாள் பின்னேர விமானத்தில் வந்திறங்கியபோது அவளுடைய கையில் நீளமாகச் சுருட்டிய ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காட்டினாள். ஆறடிப் பதாகை. ஒரு பக்கம் குத்துவிளக்கு, மற்றப் பக்கம் தாமரை, நடுவில் கோட் போட்ட ஆனந்தராஜா. கீழே, ‘அமரர் ஆனந்தராஜா நினைவாக வழங்கப்படும் மதிய போசனம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது பழகிப்போன விடயம். செத்தவரின் நினைவு நாளுக்கு வன்னியில் ஏதாவது ஒரு சிறுவர் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புவோம். அவர்கள் பதாகை கட்டி, பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கோப்பைகளோடு வரிசையாக இருத்திப் படம் எடுத்து அனுப்புவார்கள். படம் லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று குடும்ப வாட்சப் குழுமங்களைச் சுற்றி வரும். படம் வந்தால்தான் திவசம் முடிந்த மாதிரி.

இந்த முறை வன்னிக்கு நாகேஸ்வரியின் பங்கு போனது. சந்திரவதனா தன் பங்கை மவுண்ட் ட்ரூயிட் பக்கத்தில் பூர்வகுடிப் பெண்கள் நடத்தும் ஒரு நிலையத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். அங்கே வயது போனவர்களுக்கு வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாடு உண்டு. டயாலிசிசுக்குப் போய்வர ஒரு வாகனமும் ஓடுகிறது. நடத்துவதும் அவர்கள், முடிவெடுப்பதும் அவர்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதியது நான். சந்திரவதனா சொல்லச் சொல்ல, பதாகை கட்டலாமா, சாப்பிடுகிறவர்களோடு ஒரு படம் எடுக்கலாமா என்றும் கேட்டு எழுதினேன். எழுதும்போது எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

பதில் முதல்நாள் மாலைதான் வந்தது. எழுதியவர் ஷரன் என்ற ஒருங்கிணைப்பாளர். நன்றி, வியாழக்கிழமை வந்து எங்களோடு சாப்பிடுங்கள், ஆனால் பதாகையும் படமும் வேண்டாம் என்றிருந்தது. இறந்தவரின் முகத்தையோ பெயரையோ நீண்ட காலத்துக்குக் காணவும் கேட்கவும் விரும்பாத பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதோடு, ஒரு கோப்பைச் சாப்பாட்டுக்காக இந்த அறையில் யாரும் ஆடாமல் அசையாமல் இருக்கத் தேவையில்லை. இவ்வளவுதான் கடிதம்.

குசினியில் நான் அதை மறுபடி வாசித்துக் காட்டினேன். நாகேஸ்வரி கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“குடுக்கிற காசுக்கு ஒரு படம் எடுக்கேலாதாமோ? அண்ணை என்ன கள்ளக் கடத்தல்காரனே, முகத்தை மறைக்க?”

“அவையின்ர வழக்கம், மச்சாள்,” என்றாள் சந்திரவதனா.

“எங்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கு. நான் இதைப் பிளேனில மடியில வச்சுக்கொண்டு வந்தனான். பக்கத்திலை இருந்தவன் துவக்கோ எண்டு பாத்தவன்.”

சந்திரவதனா வாழைக்காயிலேயே கண்ணாக இருந்தாள். அவள் ஏன் வாதாடவில்லை என்பது எனக்குத் தெரியும். நாகேஸ்வரிக்குத் தெரியாது.

சந்திரவதனாவை எனக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும். நார்த்மீட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்தேன். அவள் குசினிக்கு வந்து சேர்ந்தாள். பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கும் சாப்பாட்டை அரைத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துச் சாம்பல் நிறத்தில் ஒரு கூழை அனுப்புவார்கள். அவள் கரட்டைத் தனியாக, இறைச்சியைத் தனியாக, பட்டாணியைத் தனியாக அரைத்து மூன்று நிறத்தில் வைப்பாள். தாம் என்ன சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பாள். அதிகம் பேசமாட்டாள். பொய் சொல்ல வராது. அதனால்தான் அந்த ஒரு பொய் அவளை இவ்வளவு பாடுபடுத்தியது.

அவள் ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. தொண்ணூறில் இடம்பெயர்ந்தார்கள். வீடும் காணியும் ஆமியின் வேலிக்குள் போயின. முப்பத்தைந்து வருடமாகியும் அவர்களுடைய காணி திரும்பக் கிடைக்கவில்லை. காணி உறுதிப் பத்திரம் மட்டும் பிளாஸ்ரிக் உறைக்குள், பாஸ்போட்டுகளோடு அலுமாரியில் இருக்கிறது. சிட்னிக்கு வந்த பிறகு ஆனந்தராஜா பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். இவள் குசினியில் நின்றாள். பத்து வருடத்தில் டூங்கபியில் ஒரு வீடு வாங்கினார்கள். சலரோகம் ஆனந்தராஜாவின் கண்ணைக் கெடுத்தது, பிறகு கிட்னியை. கடைசி மூன்று வருடம் திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ்.

அங்கே அடுத்த கதிரையில் இருந்தவர் டொரீன். எல்லோரும் அவரை டொரீன் அன்ரி என்றார்கள். ஆனந்தராஜாவும் அப்படியே கூப்பிட்டார். எங்களுக்கு அது புதிது இல்லையே. “நீ என்னைவிட மூன்று வயசு மூப்பு, என்னையோ அன்ரி என்கிறாய்?” என்று அவர் முதல் நாளே சண்டைக்கு வந்தாராம். அதோடு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். டொரீன் பூர்வகுடிப் பெண். ஐந்து வயதில் அரசாங்கம் அவரைத் தாயிடமிருந்து பறித்துக்கொண்டுபோய்ப் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் வளர்த்தது. சந்திரவதனா கொண்டுபோகும் உளுந்து வடையில் பாதி அவருக்குப் போகும். வியாழக்கிழமைகளில் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போவது அந்த மவுண்ட் ட்ரூயிட் நிலையத்துக்குத்தான்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஒக்ரோபரில் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடி மக்கள் தங்கள் விடயங்களில் பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு அமைப்பை அரசியலமைப்பில் சேர்ப்பதா என்பது கேள்வி. தாளில் யெஸ் அல்லது நோ என்று எழுத வேண்டும். அதற்கு முதல் கிழமை, சந்திரவதனா இருக்கும் கோவில் பஜனைக் குழுமத்துக்கு ஒரு வாட்சப் செய்தி வந்தது. யெஸ் வென்றால் வீடுகளுக்கும் வளவுகளுக்கும் அவர்கள் உரிமை கேட்பார்கள், வெள்ளைக்காரரின் வீட்டைத் தொடமாட்டார்கள், நம்முடையவைதான் முதலில் போகும் என்று. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் வந்தது. நான் அழித்தேன். நான் எப்படி வாக்களித்தேன் என்பது இங்கே தேவையில்லை.

ஆனந்தராஜாவுக்கு அப்போது எழுத்துத் தெரியாத அளவுக்குக் கண் மங்கியிருந்தது. உதவிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வாக்குப் பெட்டியடிக்குப் போனார். “யெஸ் எண்டு எழுதும்,” என்றார். அவள் பென்சிலை எடுத்து அவருடைய தாளில் நோ என்று எழுதினாள். தன்னுடையதிலும் நோ. மடித்துப் போட்டாள். வீடு ஒன்றை ஒருமுறை இழந்தவள். பென்சில் பிடித்த நேரத்தில் அவளுக்கு அதுமட்டும்தான் நினைவில் நின்றதாம்.

திங்கட்கிழமை டயாலிசிஸ். நோ வென்று இரண்டு நாள். டொரீன் ஒருவரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆனந்தராஜா அந்தப் பக்கம் திரும்பி, வார்ட் முழுக்கக் கேட்க, “அன்ரி, நான் யெஸ் போட்டனான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். டொரீன் கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார். சந்திரவதனா வடைப் பெட்டியோடு நடுவில் நின்றாள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் அவர் உயிரோடு இருந்தார். அவள் சொல்லவில்லை. என்னிடம் சொன்னது திவசத்துக்கு ஒரு கிழமைக்கு முதல், அந்தக் கடிதம் எழுத வந்தபோது. அவர் பெயரில் கொடுத்தால் அவருடைய வாக்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும், இல்லையா அக்கா என்றாள். டொரீனிடம் சொல்லவேண்டுமா என்றும் கேட்டாள். அது உன்னுடைய பாடு என்றேன். இருபத்திரண்டு வருடம் படுக்கையோரம் நின்றவள் நான். மனதில் கிடப்பதை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியானவர்களைக் கண்டிருக்கிறேன், கேட்டவரின் நித்திரையைக் கெடுத்ததைத் தவிர வேறொன்றும் நடக்காமல் போனதையும் கண்டிருக்கிறேன். இது எந்த வகை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஐயர் பத்தரைக்குப் போனார். படைத்தோம், காகத்துக்கு வைத்தோம். இந்த ஊர்க் காகம் தயிர்ச்சாதத்தைத் தொடாது, வடையைத் தூக்கிக்கொண்டு போகும். மிச்ச வடையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பதினொன்றரைக்குக் காரில் ஏறினோம். நாகேஸ்வரி பதாகையையும் ஏற்றினாள். அது பின் சீற்றிலிருந்து என் தோளுக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றது. கியர் மாற்றும்போதெல்லாம் ஆனந்தராஜா என் காதில் இடித்தார்.

நிலையம் ஒரு பழைய மண்டபம். நீண்ட மேசைகள், பெரிய தேநீர்ப் பாத்திரம், ஆட்டிறைச்சிக் கறியின் மணம். பதினைந்து பேர் வரை இருந்தார்கள். ஷரன் வாசலுக்கு வந்தார். நாகேஸ்வரியின் கையில் இருந்த உருளையைப் பார்த்தார். நாகேஸ்வரி தானாகவே தொடங்கினாள். சின்னப் படம்தான், ஒரு நிமிட வேலை, பின்பக்கமாகக் கூடக் கட்டலாம் என்றாள். ஷரன் சிரித்த முகத்தோடு, சாப்பாடு ஆறுகிறது, அதைக் காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார். சந்திரவதனா மச்சாளின் கையிலிருந்து பதாகையை வாங்கிக்கொண்டுபோய்த் தானே காரில் வைத்துப் பூட்டினாள்.

டொரீன் மேசையின் கோடியில் இருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி போடும் கையை ஸ்வெற்றருக்குள் மறைத்திருந்தார். அந்த நிலையத்தின் குழுவில் அவரும் ஒருவர் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வடைப் பெட்டியைத் திறந்து, நடுவில் ஓட்டை போட்டது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளங்கப்படுத்தினார். பதாகைக் கதை அவருக்குப் போயிருந்தது. நாகேஸ்வரியைப் பார்த்து ஒரு விடயம் சொன்னார்: விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கனவான்கள் கேக் கொண்டு வருவார்களாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் ஒரு துண்டு கொடுத்துப் பத்திரிகைக்குப் படம் எடுப்பார்களாம். படம் எடுத்து முடிந்ததும் கேக்கைத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்துவிடுவார்களாம்.

வன்னியிலிருந்து வரும் படங்களில் பிள்ளைகள் கோப்பையைப் பார்க்காமல் கமராவையே பார்ப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே யாரும் கேக்கைத் திரும்ப வாங்குவதில்லை. ஆனால் சோறு ஆறும்.

திவச நாளென்று எங்களுக்குத் தனியாக வைத்த மரக்கறியில் சந்திரவதனா இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். கரண்டியைப் பக்கத்தில் வைத்தாள். மூன்று வசனம் ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். கணவரின் பெயரைச் சொல்லாமல் ‘அவர்’ என்றே சொன்னாள். அவர் யெஸ் எழுதச் சொன்னார். நான் நோ எழுதினேன். என்னுடையதிலும் நோ.

என் பக்கத்தில் நாகேஸ்வரியின் கரண்டி நின்றுவிட்டது.

டொரீன் வாயில் இருந்த வடையை மென்று முடித்தார். ஏன் என்று கேட்டார். பாடமாக்கிய வசனங்கள் தீர்ந்துவிட்டதால் சந்திரவதனா உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: ஊர் வீடு, ஆமியின் வேலி, அலுமாரியில் இருக்கிற உறுதி, டூங்கபி வீடு, வாட்சப்பில் வந்தது. இடையில் தட்டுப்பட்ட சொற்களை நான் எடுத்துக் கொடுத்தேன்.

டொரீன் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“உன்ர வீட்டை எடுத்தது ஆமி. பயந்தது எனக்கோ?”

“ஓம்,” என்றாள் சந்திரவதனா. தமிழிலேயே சொன்னாள். டொரீனுக்கு விளங்கியது.

“உன்ர வீட்டை வச்சு நான் என்ன செய்ய? படியில ஏற எனக்கு முழங்கால் விடாது.”

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். டொரீன் சிரிக்கவில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்றார். போட்டுக்கொண்டார். பிறகு, அந்த ஆள் அன்றைக்குச் சத்தமாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, வார்டே கேட்டது, அதை நினைத்துக்கொண்டு பல நாள் அந்தக் கதிரையில் கிடந்திருக்கிறேன் என்றார். இனி அதை வேறு மாதிரித்தான் நினைக்க வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் எடுக்கும் என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சந்திரவதனாவும் கேட்கவில்லை.

தேநீர் வந்த பிறகு சந்திரவதனா காசுப் பேச்சை எடுத்தாள். அவர் பெயரில் கொடுக்க அனுமதி வேண்டும் என்றாள்.

“அந்தாள் என்னோட நேராத்தான் நடந்தவர். அவர் என்னத்துக்குக் குடுக்கவேணும்?” என்றார் டொரீன். “குடுக்கிறதெண்டால் உன்ர பேரில குடு. இல்லாட்டி வேண்டாம். வாகனம் எப்பிடியும் ஓடும்.”

சந்திரவதனா தலையாட்டினாள்.

“வீடு போகும் எண்டு ஆர் சொன்னது?”

“ஃபோனில வந்தது.”

“அப்ப ஃபோனுக்குச் சொல்லு,” என்றுவிட்டு டொரீன் பக்கத்தில் இருந்தவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். வடைப் பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் பின் சீற்றிலிருந்து நாகேஸ்வரி கேட்டாள்.

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“யெஸ் போட்டதெண்டு நம்பிக்கொண்டே போனவர்?”

“ஓம், மச்சாள்.”

சிவப்பு விளக்கில் நின்றோம். நாகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நானும் நோதான் போட்டனான்,” என்றாள். “ஆனா என்ர தாளிலதான் போட்டனான்.”

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சந்திரவதனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நாகேஸ்வரி போய்ப் படுத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் திவசப் பாத்திரங்களைக் கழுவினோம். குடும்பக் குழுமத்தில் படம் எங்கே என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். படம் இல்லை, போய் அவர்களோடு சாப்பிட்டோம் என்று சந்திரவதனா எழுதினாள். அது உண்மை. முழு உண்மை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போனபோது அவள் சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் இருந்தாள். நிலையத்தின் படிவம் திறந்திருந்தது. ஒருமுறை கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா என்ற இடத்தில் மாதாமாதம் என்பதைத் தெரிவு செய்தாள். தன் பென்சனில் இருந்து போகட்டும் என்றாள். பெயர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரை ஒரு விரலால் தட்டினாள். ‘யாருடைய நினைவாக’ என்ற பெட்டியில் சுட்டி கொஞ்ச நேரம் நின்று மினுங்கியது. அதை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். நன்றிக் கடிதம் அனுப்பலாமா என்று கேட்டிருந்தது. வேண்டாம் என்றாள்.

பிறகு ஃபோனை எடுத்துப் பஜனைக் குழுமத்தைத் திறந்தாள். அதில் நாற்பத்தாறு பேர். அவள் எழுதியதை என்னிடம் காட்டித் திருத்தச் சொன்னாள். நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

‘அன்றைக்கு வாக்கெடுப்புக்கு முதல் இந்தக் குழுமத்தில் வீடு போகும் என்று ஒரு செய்தி வந்தது. அதை நம்பி நான் என் கணவர் சொன்னதுக்கு மாறாக அவருடைய தாளில் எழுதினேன். செய்தி பொய். கேட்டது ஆலோசனை சொல்லும் ஒரு அமைப்பு மட்டும்தான், யாருடைய வீட்டையும் எடுக்க அதுக்கு அதிகாரம் இல்லை. நேற்று மவுண்ட் ட்ரூயிட்டில் அவர்களுடைய நிலையத்துக்குப் போனேன். மாதாமாதம் என் பங்கைக் கொடுக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் கேளுங்கள், படிவம் அனுப்புகிறேன். பதாகை கட்டமாட்டார்கள், படம் எடுக்கமாட்டார்கள். சந்திரவதனா.’

அனுப்பினாள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருவர் வெள்ளிக்கிழமை வணக்கம் என்று அம்மன் படம் போட்டார். ஒருவர், முடிந்துபோன கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் குழுமத்தை விட்டு வெளியேறினார். கொஞ்சம் கழித்து வரதராஜன் அங்கிள், படிவம் அனுப்பும் பிள்ளை என்று எழுதினார். அவளுக்குத் தனியாக அல்ல, குழுமத்திலேயே, அம்மன் படத்துக்குக் கீழே.

நாகேஸ்வரி பெட்டியைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். ஃபோனை வாங்கி எல்லாவற்றையும் வாசித்தாள். “எங்கட குடும்பக் குழுமத்திலயும் இதைப் போடப்போறீரோ?” என்று கேட்டாள்.

“ஓம். நீர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போடுறன்.”

“வேண்டாம். நான் கூட இருக்கேக்கையே போடும்,” என்றாள் நாகேஸ்வரி. “போட்டிட்டு ஃபோனை நிப்பாட்டும். பன்னிரண்டு மணிக்குப் பிளேன்.”

சந்திரவதனா போட்டாள். ஃபோனை நிறுத்தி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். பிறகு மூவருமாகக் காரில் ஏறி நாகேஸ்வரியை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். பதாகையை அவள் மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோனாள்.